மஞ்சள் பைக்குள் ஒரு சுழல்

ஆரோக்கியம் போய்விட்டான் என்பதை மண்ணூர் டீக்கடையில் வைத்துச் சொன்னார்கள். சொன்னவர் அத்தோடு விட்டிருக்கலாம். "உன்கூட வேல செஞ்சாரே, அந்த நல்ல மனுசன்" என்றார். அப்போ நான் யார் என்று கேட்க வாய்வரை வந்தது. சாவுச் செய்தியிலும் எனக்கு அதுதான் தோன்றியது.

எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ரத்த வங்கியில் அவனோடு இருந்த உங்களுக்காகத்தான் சொல்கிறேன். சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தப் பை கொண்டுபோகும் வேலையில் அவனைவிட நான் மூத்தவன். ஆனாலும் எல்லோரும் கூப்பிட்டது அவனைத்தான். அவனுக்கும் எழுத்து வராது. படித்தவனாக இருந்திருந்தால் என் மனசு ஆறியிருக்கும்.

ரத்தத்தை நிறுத்துகிற பிளேட்லெட் மஞ்சளாக ஒரு பையில் வரும். அதை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. ஏசி அறையில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைப்பார்கள். அவன் ஒவ்வொரு பையையும் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து லேசாக ஆட்டுவான். "உள்ளார பொக மாதிரி சுத்துது பாரு. சுத்துனாத்தான் உசுரோட கீது" என்பான்.

ஒரு புரட்டாசியில், சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி ஹாஸ்டல் பெண் ஒருத்திக்கு டெங்கு. நல்ல வெயில். சிவப்புப் பைக்கு ஐஸ் வைத்தே பழகிய கை எனக்கு. இவனைவிடப் பத்திரமாகக் கொண்டுபோகிறேன் பார் என்ற வீம்பில், அவனுக்குத் தெரியாமல் மஞ்சள் பையின் அடியிலும் மேலேயும் ஐஸ் வைத்தேன். வண்டியை அவன் ஓட்டினான். லாரி நெரிசலில் வெகுநேரம் நின்றோம்.

அங்கே ஆஸ்பத்திரியில் பையை வெளிச்சத்தில் பிடித்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாணா, சுத்தவே இல்ல. ஐஸ் வெச்சியா?"

"வெயில்ல கெட்டுப்பூடும்னு வெச்சேன். அதுக்கு இன்னா இப்போ?"

"கெடுத்ததே அதான்ணா."

நர்ஸ் எதிரிலேயே இதைச் சொன்னான். அவர் ரத்த வங்கி டாக்டருக்குப் போன் போட்டார்; ஏற்ற வேண்டாம் என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணின் தோழி, தெற்கத்திப் பிள்ளை, அழுதாள்: "அண்ணே, மூக்குல ரத்தம் நிக்கவே மாட்டேங்கு. அதையாவது ஏத்தச் சொல்லுங்களேன்."

"குளுந்துபோனது ஒடம்புல தங்காதும்மா. தோ, வேற எடுத்தாறேன்."

கிளம்பிவிட்டான். அவன் சீக்கிரம் வர வேண்டுமென்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒருநாள்தான்.

வந்தான். பெண் பிழைத்தாள். தோழி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் வயிறு எரிந்தது.

மறுநாள் திட்டுவான் என்றிருந்தேன். புதுப் பை ஒன்றை வெளிச்சத்தில் ஆட்டி, "பாருணா, தெரியுதா?" என்றான். தெரிந்தது. பட்டுத்துணி மினுங்குவது போல மஞ்சளுக்குள் ஒரு வெள்ளைச் சுழல். "ஒண்ணும் தெரியல" என்றேன். அதன்பிறகு எத்தனை வருடம், எத்தனை பை! அவன் அலுக்காமல் காட்டினான். நானும் அலுக்காமல் இல்லையென்றேன். "ஒனக்குக் கண்ணாடி போடணும்ணா" என்று சிரிப்பான்.

அடக்கத்துக்கு சர்ச் கொள்ளாத கூட்டம். எனக்கு இதில் பாதி வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் வேலையை விட்டபின், நானும் ஆட்டிப் பார்க்காமல் ஒரு பையையும் எடுத்ததில்லை. ஒருமுறை சுழலில்லாத பையைத் திருப்பியும் கொடுத்தேன். டாக்டர் என் தோளைத் தட்டினார். அது ஆரோக்கியம் எனக்குக் கொடுத்த கண். கொடுத்துவிட்டான் என்பது அவனுக்குத் தெரியக் கூடாதென்று, கடைசிவரை நான் வாயைத் திறக்கவில்லை.