பிராம்ப்டன் நினைவுச் சுவரில் ஒரு பெயரைத் தேடி

ரயிலில் கிம் அன்ரி தன் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். ஸ்காபரோவில் கொரியரான அவருடைய ட்ரை கிளீனிங் கடையில் ஒரு வருடமாக வேலை செய்கிறேன்; அந்தப் பையை எங்கே எறிந்தோம் என்று தினமும் தேடுபவர் அவர். அன்று உள்ளே ஒரு சிறிய மதுப்போத்தலும் ஒரு கோப்பையும் மடித்த விரிப்பும் இருந்தன.

கொரியப் போரில் கம்யூனிஸ்ட் படைகளை எதிர்க்கக் கனடாவும் வீரர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர், சிறுவனாக இருந்த அன்ரியின் அப்பாவை இடிந்த வீட்டிலிருந்து தூக்கி எடுத்தாராம். சில வாரங்களில் அந்த வீரர் இறந்துபோனார். தங்கள் குடும்பத்தில் இறந்தவர்களுக்குக் கோப்பை வைத்துக் கும்பிடும் நாளில் அவருக்கும் ஒன்று வைப்பது அப்பாவின் வழக்கம். அந்த வீரரின் நாட்டிலேயே ஒரு கோப்பை ஊற்ற வேண்டும் என்று மகளிடம் கேட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அந்தப் போரில் இறந்த கனடிய வீரர்களின் பெயர்கள் பிராம்ப்டனில் ஒரு நினைவுச் சுவரில் உள்ளன. அன்ரி அங்கே இரண்டு தடவை போய்ப் பெயர் கிடைக்காமல் திரும்பியிருந்தார். கடையை விற்றாயிற்று, ஐந்து நாளில் கொரியாவுக்கே போகிறார். இதுதான் கடைசி ஞாயிறு.

ஊரில் நடந்த போருக்குத் தப்பி வந்தது எங்கள் குடும்பம். வீட்டில் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. “வேற நாட்டு ஆமியைக் கண்டு ஓடினனாங்கள் நாங்கள். நீ ஆமிக்காரனைத் தேடிப் போறியோ?” என்றார். கொஞ்சம் கழித்து, “தண்ணிப் போத்தல் கொண்டு போ” என்றார்.

காலை 8:10க்குப் புறப்பட்டோம். யூனியன் நிலையத்திலிருந்து பிராம்ப்டனுக்கு முக்கால் மணி நேரம். வார இறுதி ரயில் சீட்டு பத்து டொலர். அங்கிருந்து டாக்ஸி, சுமார் ஏழு கிலோமீற்றர், 22 டொலர். ஓட்டியவர் தமிழர்.

“பிள்ளை, உந்த மதிலில எங்கட ஆக்களின்ர பேரும் கிடக்கோ?”

“இல்லை அங்கிள்.”

“அப்ப ஏன் போறியள்?”

எனக்குப் புது ஆட்களோடு பேச வராது. கொடுக்க வேண்டிய காசை எடுத்து எண்ணத் தொடங்கினேன்.

மயானத்துக்குள் வளைந்து நிற்கும் நீண்ட சுவர் அது. இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தகடு. அன்ரி தன் அப்பாவின் கையெழுத்தில் இருந்த துண்டை நீட்டினார். ஆங்கில எழுத்தில் இரண்டு சொற்கள்: வின்சென்ட் ஜெரோம்.

“குடும்பப் பெயர் ஜெரோம். அப்படி ஒருவரும் இங்கே இல்லை” என்றார்.

ஒவ்வொரு தகட்டிலும் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்து ஒரு மணி நேரம் தேடினோம். ஜெரோம் இல்லை. அன்ரி புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பதினோராம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். படித்த காலம் முழுவதும் அங்கே என் பெயர் செல்வராசா. அது அப்பாவின் பெயர். எங்கள் வழக்கப்படி வீட்டில் அவர் பெயரை முன்னால் எழுதி, என் பெயரான டிலானியைப் பின்னால் எழுதிக் கொடுத்திருந்தார்கள்; பள்ளியில் முன்னால் இருந்ததையே என் பெயராக எடுத்துக்கொண்டார்கள். திருத்த எனக்கு வெட்கம். கையில் அந்தத் துண்டோடு நின்றபோது அது நினைவுக்கு வந்தது.

“அன்ரி, கொரியாவில் குடும்பப் பெயர் முன்னாலா, பின்னாலா?”

“முன்னால்...” என்றவர் என் கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்தார். அப்பா கொரிய வரிசையில் எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தில் இருந்ததால், வரிசையும் ஆங்கில வரிசை என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறார்.

ஓடினேன். இந்த முறை வின்சென்ட் என்று முடியும் பெயரைத் தேடி ஓடினேன். முழங்கால் உயரத்தில் இருந்தது: ஜெரோம் வின்சென்ட்.

“அன்ரி! கிடைச்சிட்டார்! ஓடி வாங்கோ!” என்று தமிழில் கத்தினேன். அவருக்கு அது விளங்கியது.

அவர் அழுது முடித்து விரிப்பை விரிப்பதற்குள், போக நினைப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும் டாக்ஸியை முன்பே பேசிவையுங்கள். வாசலில் ஒன்றும் நிற்காது. நிழல் குறைவு, தொப்பி வேண்டும். பெயரை முன்னும் பின்னும் மாற்றித் தேடுங்கள். வேறு நாட்டுப் படை என்றால் அப்பா சொல்வதும் உண்மை, அன்ரி சொல்வதும் உண்மை. இரண்டையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

அன்ரி கோப்பையை நிரப்பித் தகட்டின் கீழே வைத்தார். குடிக்க வரும்படி இறந்தவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமாம். மூன்று முறை முயன்றார். “பின்சென்ட்” என்றே வந்தது.

“என் வாய்க்கு வரவில்லை. அவருக்குக் கேட்கிற மாதிரி நீ கூப்பிடு.”

பக்கத்துக் கல்லறைக்குப் பூ கொண்டுவந்த ஒரு குடும்பம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்று சத்தமாகக் கூப்பிட்டேன்.