அறுபத்துநாலு ஆட்டம்

என் மாமா எழுநூறு ரூபாய்க்கு வாங்கிய பொருளை நானூற்றைம்பதுக்கு விற்றார். தெரியாமல் செய்த தவறு இல்லை. தெரிந்தே, சிரித்துக்கொண்டே, பன்னிரண்டு தடவை விற்றார். ஆம்பூரில் எங்கள் தெரு முழுக்க அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அந்த மாதிரிப் புத்தி எல்லாப் பெரியவர்களுக்கும் பிசகினால் நன்றாக இருக்குமே என்று நான் நினைத்தேன்.

அந்தப் பொருள் வீடியோ கேம் மிஷின். எண்பதுகளின் பிற்பாதியில் அது எங்கள் ஊருக்குப் புதிது. டெலிவிஷனில் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு இதன் வயரைச் செருக வேண்டும். மிஷினின் தலையில் ஒரு பொந்து இருக்கும், அதில் உள்ளங்கை அளவு கேசட் ஒன்றைச் சொருகினால் ஆட்டம் வரும். ஒரு கேசட்டுக்கு ஒரே ஆட்டம்தான்.

மாமா அம்மாவின் தம்பி. பதினோரு வருஷம் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் சாயப் பிரிவில் இருந்தவர். அவர் நகங்களைப் பார்த்தால் அந்த வாரம் எந்த நிறத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு நாள் அந்த வேலையை விட்டார். கைக்கு வந்த பணத்தை எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போய்ப் பதின்மூன்று மிஷின்களோடு இறங்கினார். அவருடைய பழைய மேஸ்திரி கான்பூரில் ஒரு ஷெட்டுக்குப் போயிருந்தார். பொங்கல் வரைக்கும் உனக்கு இங்கே ஓர் இடம் வைத்திருக்கிறேன், வந்தால் வா என்று அவர் கடிதம் போட்டிருந்தார். அம்மாவுக்கு அந்தக் கடிதத்தைக் கண்டாலே ஆகாது. "கான்பூருக்குப் போனவன் எவன் திரும்பி வந்தான்? அங்கியே குடித்தனம் போட்டுக்கினு கல்யாணப் பத்திரிகைதான் அனுப்புவான்" என்பாள். ஆகவே பொங்கலுக்குள் மிஷின் வியாபாரம் காலூன்றிக் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மாமா போய்விடுவார். இது எனக்கும் தெரியும். ராத்திரி சாமி கும்பிடும்போது பரீட்சைக்கு அடுத்தபடியாக அதைத்தான் வேண்டிக்கொள்வேன்.

நஷ்டத்துக்கு விற்கும் வித்தையை மாமா சாய டிரம்மின் பக்கத்தில் நின்றுதான் கற்றிருந்தார். சாயக் கம்பெனி ஆள் வருவான், முதல் டப்பாவைச் சும்மா கொடுப்பான். அந்தச் சாயத்தில் ஒரு தோல் போட்டு, வெளிநாட்டுக்காரன் அந்த நிறத்துக்கு ஒப்புதல் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆர்டர் முடிகிறவரை அதே நிறம், அதே கம்பெனி, அவன் வைத்ததே விலை. "மிஷின் முதல் டப்பா, கேசட்டுதான் சாயம்" என்று மாமா அப்பாவுக்கு விளக்கினார். அப்பா ஒரு லெதர் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். தலையை ஆட்டினார். அது ஒப்புக்கொள்கிற ஆட்டம் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் வியாபாரம் காலூன்றி நின்றது. தோல் மண்டி வைத்திருந்தவர்கள் வீடு, டாக்டர் வீடு, பஸ் முதலாளி வீடு என்று பன்னிரண்டு வீட்டிலும் மிஷின் உட்கார்ந்தது. விலை கம்மி என்று வாங்கியவர்கள் இரண்டாம் வாரமே பழைய ஆட்டம் அலுத்துப்போய் மாமாவின் சைக்கிள் மணிக்குக் காத்திருந்தார்கள். ஒரு கேசட்டுக்கு ஒரு நாள் வாடகை இரண்டு ரூபாய். ஒவ்வொரு கேசட்டுக்கும் மாமா துண்டுத் தோலில் ஒரு பை தைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் ஏற்றியிருந்தார். தவளை ரோட்டைத் தாண்டுவது பச்சை, டாங்கிச் சண்டை சிவப்பு, விமானம் நீலம். ஆங்கிலம் படிக்கத் தெரியாத குழந்தைகூட நிறம் சொல்லிக் கேட்கும்.

பதின்மூன்றாவது மிஷினை எனக்குச் சும்மா கொடுத்தார். ஆனால் கேசட்டுக்கு என்னிடமும் இரண்டு ரூபாய் வாங்கினார். "மாமா வேற, யாவாரம் வேற பாப்பா" என்று கையை நீட்டுவார். அந்த நீட்டிய கையை நான் ஒரு மாதம் மன்னிக்கவில்லை. என்மேல் இவ்வளவு பிரியம் உள்ள மனுஷன் இரண்டு ரூபாயில் எப்படிக் கறாராக இருக்க முடியும் என்று எனக்குப் புரியவே இல்லை.

கார்த்திகை பிறந்ததும் பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்த பாய் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். சைக்கிள் பாரில் நானும் போனேன். பாய் எனக்கு ஒரு சமோசாவும் மாமாவுக்கு டீயும் சொல்லிவிட்டு, மேஜைமேல் ஒரு கேசட்டை வைத்தார். அதன்மேல் பெரிதாக 64 என்று போட்டிருந்தது.

"ஒண்ணுலியே அறுபத்துநாலு ஆட்டம். நூத்தி எண்பது ரூவா. உனுக்குத் தெரியாம விக்கக் கூடாதுன்னுதான் தோஸ்த், மொதல்ல உன்னைக் கூப்பிட்டேன். நான் வைக்கலன்னா வாணியம்பாடிக்காரன் கொணாந்து வெச்சிடுவான்."

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் மிஷின்ல போவுமா பாய்?"

"எல்லா மிஷின்லயும் போவும்." மாமா கேசட்டை மேஜைமேல் திரும்ப வைத்தார்.

"நீயே வாங்கி வாடகைக்கு வுடேன்" என்றார் பாய், மனசு கேட்காமல்.

"இத்த ஒரு வாட்டி பாத்த புள்ள, அப்புறம் என் பச்சையும் செவப்பும் கேக்குமா?" என்றார் மாமா. டீயை முழுக்கக் குடித்தார். பாயின் தோளைத் தட்டிவிட்டுத்தான் கிளம்பினார். அந்தப் பொந்தில் யார் செய்த கேசட்டும் நுழையும் என்பதை அவர் எப்படி யோசிக்காமல் விட்டார் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். சாய டிரம்முக்கு அப்படி ஒரு பொந்து கிடையாது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வாடகை ஒரு ரூபாய் ஆயிற்று. அரைப் பரீட்சை வருவதற்குள் எட்டணா. விலை இறங்க இறங்க எனக்குக் கொண்டாட்டம். மாமாவுக்கு என்மேல் மனம் இரங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் காற்று வேறு பக்கம் வீசிக்கொண்டிருந்தது. டாக்டர் மகள் "எங்க வீட்ல அறுபத்துநாலு" என்பாள். பஸ் முதலாளியின் பேரன் தனக்கும் அறுபத்துநாலு என்பான். "எங்க வீட்ல பச்சை" என்று நான் எப்படிச் சொல்வது? எட்டணா என்ன, சும்மா கொடுத்தாலும் ஒன்று ஒன்றுதானே. முதல் ரேங்க் வாங்கினால் கேட்டதை வாங்கித் தருகிறேன் என்று அப்பா வாய்தவறிச் சொல்லியிருந்தார். நான் உயிரைக் கொடுத்துப் படித்தேன். முதல் ரேங்க் வாங்கினேன். கேட்டேன்.

அப்பா கேசட்டோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு அம்மா அவரோடு பேசவில்லை. "ஊர்ல எல்லாரும் வாங்கறாங்க, சரி. நம்ம ஊட்லயுமா?" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அப்பா பனியனோடு போய் வாசலில் நின்றுகொண்டார்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் மாமா வழக்கம்போல் பச்சைப் பையை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நான் புதுக் கேசட்டில் ஆடிக்கொண்டிருந்தேன். மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத வாக்கியம் ஒன்றை அன்று சொன்னேன்.

"மாமா, இது உன்கிட்ட இல்ல இல்ல?"

அடுப்படி வாசலில் அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். மாமா பச்சைப் பையை ஜன்னலில் வைத்துவிட்டு என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இல்ல பாப்பா. எங்க, காட்டு பாக்கலாம்."

இருவரும் முதல் ஆட்டத்திலிருந்து ஆரம்பித்தோம். மாமா என்னைப் பென்சில் எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு ஆட்டமாகக் குறிக்கச் சொன்னார். தவளை வந்தது. டாங்கி வந்தது. பதினோராவது ஆட்டத்தில் மறுபடி தவளை வந்தது, ரோடு மட்டும் ஊதா நிறம். இருபதில் டாங்கி, மணல் பச்சையாகிவிட்டது. எங்கள் வீட்டில் இருந்தது பக்கத்து வீட்டுக்காரர் விற்றுவிட்டுப் போன பழைய கலர் டெலிவிஷன் என்பதால் அது நன்றாகவே தெரிந்தது. முப்பதைத் தாண்டியதும் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபத்துநாலு முடிந்து கூட்டிப் பார்த்தால் வேறு வேறு ஆட்டம் ஒன்பதே ஒன்பது.

"தோலு ஒண்ணுதான், சாயம் மட்டும் மாத்தி மாத்தி ஏத்திக்கிறான்" என்று மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதில் கோபமே இல்லை. தன் தொழில்காரன் ஒருவனைக் கூட்டத்தில் அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம்தான் இருந்தது.

நான் துள்ளி எழுந்தேன். "வா மாமா, எல்லார் ஊட்டுக்கும் போய்ச் சொல்லலாம். ஏமாத்து வேலைன்னு சொன்னா திருப்பிக் குடுத்துட்டு உன்கிட்டயே வருவாங்க!"

"வேணாம் பாப்பா. பாய் பேஜாராயிடுவாரு. அதுவுமில்லாம..." என்று என் தலையைக் கோதினார். "உனுக்கு இது புடிச்சிருக்குதா இல்லியா?"

பிடித்திருக்கிறது என்றேன். ஒன்பதுதான் என்று எண்ணிய பிறகும் அது அறுபத்துநாலாகவே இருந்தது. மாமா "அவ்ளோதான்" என்றார்.

பிறகு வெளியே போய் சைக்கிளிலிருந்து பெரிய பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பதினான்கு கேசட், பதினான்கு நிறம். "இனிமே வாடகை கெடையாது. எல்லாம் உன்னுதுதான். யார் கேட்டாலும் குடு." அன்று காலையில்தான் அவர் காட்பாடி ஜங்ஷனுக்குப் போய், திங்கட்கிழமைக்குக் கான்பூர் டிக்கெட் எடுத்துவிட்டு வந்திருந்தார் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத் தெரிந்தது.

நான் தெருவுக்கு ஓடினேன். பஸ் முதலாளி வீட்டுக்கும் டாக்டர் வீட்டுக்கும் போய், எங்கள் மாமா கேசட்டுக்குக் காசே வாங்குவதில்லை என்று கத்திவிட்டு வந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் அப்படி ஒரு கூட்டம். எனக்கு நீலம், எனக்குச் சிவப்பு என்று கைகள் நீண்டன. டிசம்பர் முழுக்க மாமாவின் சைக்கிள் மணிக்குத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். மிஷின் இல்லாத வீட்டுப் பிள்ளைகள்கூட வந்து, பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே அம்மா விடியற்காலையிலிருந்து முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு இவ்வளவு எதற்கு என்று அப்பாகூடக் கேட்கவில்லை.

மாமா கதவில் சாய்ந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மிஷினை விலை குறைத்துக் கொடுத்தபோது எல்லாரும் வந்தார்கள். இப்போது கேசட்டையும் சும்மா கொடுத்ததும் பாயின் கடையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். மாமாவின் வித்தையில் இதுதான் கடைசி வித்தை போலிருக்கிறது, இதை எனக்கு மட்டும் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்திருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். ஓடிப் போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"பாத்தியா மாமா எவ்ளோ பேருன்னு! இனிமே நீ கான்பூருக்குப் போவ வேணாம் இல்ல?"

மாமா என்னைத் தூக்கிக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணை யாரும் தூக்குவதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தாலும் இறங்கவில்லை.

"ஆமா பாப்பா" என்றார்.

இன்னும் ஒரு யோசனை எனக்கு இருந்தது. கூட்டத்துக்குக் கேட்காமல் அவர் காதோடு சொன்னேன். இந்த வாரம் எல்லாருக்கும் சும்மா கொடுப்போம், நன்றாகப் பழகட்டும், அடுத்த வாரத்திலிருந்து எட்டணா வாங்கலாம், பொங்கல் கழித்து ஒரு ரூபாய்.

மாமா அதற்கும் சரி என்றார்.