பூரணியின் உபகாரச் சம்பளத்தைக் கெடுத்தது யார்?

யுத்த காலத்துத் திருகோணமலையில் சந்தேகப்படாமல் ஒருவருக்கும் பொழுது போகாது. தெருவில் புதுமுகம் வந்தால் உளவாளி. பக்கத்து வீட்டு விளக்குக் கொஞ்சம் கூட எரிந்தால் ஜப்பான்காரனுக்குச் சைகை. இப்படிப்பட்ட ஊரில் என் மச்சாள் பூரணி, இந்தியாவுக்குப் போய் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றால் சும்மா விடுவார்களா?

நாற்பத்திரண்டில் துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது, காயத்தோடு தூக்கி வந்த தகப்பனுக்குத் தாவணியைக் கிழித்துக் கட்டுப்போட்டவள் அவள். மனுசன் பிழைக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பிடிதான் இந்த டாக்டர் படிப்பு. தகப்பன் இல்லாத வீட்டில் அதற்கு எங்கே வசதி? பள்ளிக்கூடத் தலைமையாசிரியை அங்கே இங்கே விசாரித்து, மதராஸ் பக்கத்து மிஷன் ஒன்று பெண்பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் கொடுக்கும் உபகாரச் சம்பளத்துக்கு எழுதிப்போட்டார்.

"பிள்ளையைக் கிறிஸ்து வேதத்துக்குத் திருப்பிப்போடுவாங்கள்" என்றது சனம். "கப்பலோட கடலுக்குள்ள தாண்டுபோனால் ஆர் பொறுப்பு?" என்றது. தாய் இலட்சுமி மாமி அசையவில்லை.

"என்ர பிள்ளை போகும். உங்களுக்கென்ன வயித்தெரிச்சல்?"

மிஷனும் அநேகமாகச் சரி என்றது. அந்தக் கிழமைதான் கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் மாமி வீட்டுக்கு வந்தார். என்ன விஷயமென்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் பெண் விசாரிக்க வருகிறவர்களும் சொல்வதில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பிள்ளையின் குணத்தைக் கேட்பார்கள். இவரும் அதையே செய்தார். குசினிக்குள் அடுப்படியில் நின்ற எனக்கே அவர் மாப்பிள்ளை பகுதி என்றுதான் பட்டது. மாமி விடுவாரா? தாய்மார் எல்லாரும் ஒப்பிக்கிற பாடத்தைத் தானும் ஒப்பித்தார்.

"சரியான பயந்த பிள்ளை, ஐயா. ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழும். படிப்பெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்கு. கலியாணம் சரிவந்தால் நாளைக்கே நிப்பாட்டிப்போடும்."

பெரியவர் தலையாட்டிவிட்டுப் போனார். திரும்பி வரவேயில்லை. பின்னால் மிஷனிலிருந்தும் இல்லையென்று பதில் வந்தது. பூரணி பாயில் குப்புற விழுந்தவள், சோறு தண்ணீருக்கும் எழும்பவில்லை. எனக்கு ஊரையே கொளுத்த வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

மாமிக்குக் குற்றவாளி கையோடு கிடைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த இரத்தினேஸ்வரியக்கா ஊர் மிஷன் வீட்டில் சமைக்கிறவர். மாமியோடு எல்லைத் தகராறும் உண்டு.

"மிஷன்காரருக்குச் சோத்தோட சேத்து என்ர பிள்ளையைப் பற்றி நஞ்சும் பரிமாறியிருக்கிறாள். வந்த சம்பந்தத்தையும் அவள்தான் கலைச்சவள்!"

நானும் நம்பினேன். ஏன் நம்பக் கூடாது? அக்கா எங்களைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போன மாதிரி இருந்தது. குனியாமல் போன அன்று அது திமிர் மாதிரி இருந்தது.

கடைசியில் பூரணி தலைமையாசிரியையிடமே போய்க் கேட்டாள்.

"விசாரிக்க வந்த மிஷன் ஆளிட்ட உன்ர அம்மாதானே எல்லாம் சொன்னவ" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். ஒன்று விடாமல் சொன்னாள். "உங்களில பிழை இல்லை அக்கா. அம்மாவிட்டச் சொல்லிப்போடட்டோ?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ ஏன்? நானே கேக்கிறன். எத்தினை நாள் என்னைத் திட்டித் தீர்த்தவள்!" கொண்டையை முடிந்துகொண்டு வாசல் படலைவரை விறுவிறு என்று போனார். அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

"வேண்டாம் பிள்ளை, சொல்லாத. என்னை ஏசினால் அவளுக்குச் சோறு இறங்கும். தன்னை ஏசத் தொடங்கினாள் எண்டால் பச்சைத்தண்ணியும் இறங்காது."

பூரணி சொல்லவில்லை. பிறகு கொழும்பில் தாதிப் படிப்புப் படித்து, ஊர் ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வந்தாள். டாக்டரம்மா என்று யாராவது கூப்பிட்டால் உடனே திருத்துவாள். மாமி கண்மூடும்வரை வேலியடியில் நின்று ஏசினார். இரத்தினேஸ்வரியக்காவும் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து, ஒரு சொல் குறையாமல் திருப்பி ஏசினார்.