இந்தியருக்கு இல்லை என்று நான் போட்ட விளம்பரம்

வீட்டு ஏஜென்ட் ஆகலாம் என்று போன முதல் நாளே என் கையில் ஒரு பலூனைக் கொடுத்தார்கள். மலாக்கா டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபம். ஞாயிறு காலை, நான் மாதா கோயில் பூசையில் இருக்க வேண்டிய நேரம். உங்களைத் தடுக்கும் பயத்தைப் பலூனில் எழுதி உடையுங்கள் என்றார்கள். ‘வீட்டுக்காரர் திட்டுவார்’ என்று எழுதி உடைத்தேன். பலூன் உடைந்தது. கணவர் திட்டத்தான் செய்தார்.

மேடையில் நின்றவரை எல்லாரும் ‘லீடர்’ என்றார்கள். கோட்டு போட்டிருந்தார். அந்த ஏசியிலும் அவருக்கு வியர்த்தது.

“வேலைக்குப் போறவங்க கைதூக்குங்க!” என்று கத்தினார். மண்டபமே கையைத் தூக்கியது.

“பாவம் லா நீங்க. மாசச் சம்பளம் வாங்குறவன் அடிமை!”

நான் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். பத்தொன்பது வருடம். அன்றைக்கு அவர் மண்டபத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பணம் கட்டியது நாங்கள்தான், அடிமைச் சம்பளத்திலிருந்து. இது வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில்தான் உறைத்தது. அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு இரண்டு நாள் கோர்ஸ், ஒரு போட்டோ, கழுத்தில் தொங்கவிட ஏஜென்ட் டேக். ஸ்டெல்லா, பகுதி நேர வீட்டு ஏஜென்ட்.

சனி, ஞாயிறு

வீடு பார்க்க வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் வீடு வாங்க வருவதில்லை. பொழுது போக வருகிறார்கள். ஒரு குடும்பம் மாமியார், மச்சினன், மூன்று பிள்ளைகள் எனக் கூட்டமாக வந்து, குழாயைத் திறந்து பார்த்து, பாத்ரூமுக்குப் போய்விட்டு, “வாசல் மேற்கப் பாத்து இருக்கே” என்று கிளம்பியது. வாசல் மேற்கு என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தேன்.

வாரம் ஐந்து நாள் ஸ்டோர். சனிக்கிழமை பாதி நாள் ஓவர்டைம். அதற்குப் பிறகு சாவிக்கொத்தும் நானும். என் மகள் ஐந்தாம் வகுப்பு. காரின் பின் சீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். என் கணவர் அருள் சமைக்கப் பழகினார்.

“ஒனக்கு ரெண்டு வேல. எனக்கு மூணு. யாரு அடிமைன்னு ஒன் லீடர்கிட்ட கேளு” என்றார்.

ஒரு ஞாயிறு என் மகள் முதல் முறையாகப் பூசையில் வாசகம் வாசித்தாள். நான் அந்த நேரத்தில் சுங்கை ரம்பாயில் ஒரு கடைவீட்டின் இரும்புக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். பார்க்க வந்த மனிதர் மேல்மாடி வரை ஏறி இறங்கி, “சும்மா மார்க்கெட் ரேட் தெரிஞ்சிக்கலாம்னு வந்தேன்” என்றார். மகள் எப்படி வாசித்தாள் என்பதை அருளின் போனில்தான் பார்த்தேன். அவள் அந்த வீடியோவில் ஒரு தடவை நிமிர்ந்து கூட்டத்தில் யாரையோ தேடினாள்.

அப்போதே விட்டிருக்கலாம். விடவில்லை. காரணம், அந்த வாரம்தான் நாதன் ஐயா எனக்குக் கிடைத்தார்.

நாதன் ஐயா

அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குருபோங்கில் நான்கு தரை வீடுகள் வைத்திருந்தார். கோவில் கமிட்டியில் பெரிய பொறுப்பு. தமிழ்ப்பள்ளி விழா எதுவானாலும் அவர் பேச்சு உண்டு. நம் இனம் ஒன்றுபட வேண்டும் என்று பேசும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். நானே கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். நான்கு வீட்டுக்கும் வாடகைக்கு ஆள் பிடிக்கும் வேலையை என் ஒருத்தியிடமே கொடுத்தார். எனக்கு அதுவரை ஒரு வீடுகூட முடிந்ததில்லை.

அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். எத்தனை அறை, எத்தனை கார் நிறுத்தலாம். கடைசியில் சொன்னார்:

“ஆனா ஒண்ணும்மா. நம்ம ஆளுங்க மட்டும் வேணாம்.”

எனக்கு முதலில் புரியவில்லை. “எந்த ஆளுங்க ஐயா?”

“நம்ம ஆளுங்கதாம்மா. இந்தியன். தப்பா நெனக்காத. செவுத்துல ஆணி அடிப்பான். சாம்பிராணி போட்டு சீலிங்க கருப்பாக்குவான். சத்தம். எனக்கு எதுக்கு லா தலவலி?”

அவர் தலைக்கு மேலே சாமி மாடம். அதற்கு மேலே சீலிங் பலகை வருடக்கணக்கான சாம்பிராணியில் பழுப்பேறி இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

லீடருக்குப் போன் போட்டேன். “ஓனர் விருப்பம் லா ஸ்டெல்லா. நாம வெறும் ஏஜென்ட். எல்லாரும் போடுறதுதான். எமோஷனல் ஆவாத” என்றார்.

சீனர், மலாய்க்காரர் மட்டும் என்று விளம்பரம் போட்டேன். என் பத்து விரல்தான் தட்டியது. வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. விளம்பரத்தில் என் பெயர் கிடையாது, ஏஜென்சியின் பெயர்தான். அழைப்பு மட்டும் ஏஜென்சி எனக்குக் கொடுத்த போனுக்கு வரும். அந்த ஏற்பாடு எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு போன்

அடுத்த சனிக்கிழமை மதியம் நாதன் ஐயாவின் நான்கு வீடுகளில் காலியாக இருந்த ஒன்றில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஏஜென்சி போன் அடித்தது. ஒரு பெண் குரல். மலாயில் பேசியது.

“மிஸ், விளம்பரத்தில போட்டிருக்கறது பாத்தேன். இருந்தாலும் கேக்கறேன். இந்தியா போலே கா?”

இந்தியர்களுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்கிறாள். குரல் எனக்குத் தெரிந்த குரல். எங்கள் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் லைனில் வேலை செய்யும் கலா அக்கா. பதினோரு வருடமாக என் ஸ்டோர் கவுண்டரில் வந்து கையுறையும் டேப்பும் வாங்குகிறவர். அவர் இருக்கும் வாடகை வீட்டை ஓனர் விற்றுவிட்டார், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருந்தார். நான் ஏஜென்ட் ஆனதை மட்டும் தொழிற்சாலையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மேனேஜர் காதுக்குப் போகும் என்று பயம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குரலை மெலிதாக்கிக்கொண்டேன். மலாய்க்காரப் பெண் மாதிரி இழுத்து, “சோரி யா காக், சுடா ஹாபிஸ்” என்றேன். முடிந்துவிட்டது, வேறு ஆள் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

“ஓ. தெரிமா காசே மிஸ்” என்று நன்றி சொல்லி வைத்தார்.

காலி வீட்டில் நின்றுகொண்டிருந்தேன். பிறகு இரண்டாவது அறையைப் போட்டோ எடுத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். நான் உட்கார்ந்து அழுதுவிடவில்லை. மிச்சப் போட்டோவை எடுத்து முடித்தேன்.

கேன்டீன்

திங்கட்கிழமை காலை கேன்டீனில் கலா அக்கா என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சனிக்கெழம ஒரு வீடு கேட்டேன் ஸ்டெல்லா. ஒரு பொம்பள போன எடுத்தா. வீட்ட வேற ஆள் எடுத்தாச்சின்னுட்டா. ஆனா விளம்பரம் இன்னும் அப்படியேதான் இருக்கு.”

நான் தேநீரைக் கலக்கினேன். அது ஏற்கெனவே கலந்திருந்தது. “நான்தான்க்கா போன எடுத்தேன்” என்றேன்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“பதினோரு வருசமா கவுண்டர்ல ஒன் கொரல கேக்கறேன். மலாய்ல இழுத்தா தெரியாமப் போயிருமா?”

“அப்ப ஏன்க்கா தெரியாத மாதிரி பேசுனீங்க?”

“நீயா சொல்றியான்னு பாத்தேன்” என்றார்.

எனக்கு ஏச்சு வாங்கிப் பழக்கம் உண்டு. மேனேஜர் ஏசுவார், லாரி டிரைவர்கள் ஏசுவார்கள். இது ஏச்சே இல்லை. இதற்கு எனக்குப் பழக்கம் இல்லை.

அருளிடம் சொன்னேன். அவர் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். “நாளைக்கு நம்ம மவ வீடு தேடுவா. அவளுக்கும் ஒருத்தி இப்படித்தான் மலாய்ல பேசுவா” என்றார்.

அந்தச் சனிக்கிழமை கலா அக்காவைக் கூட்டிக்கொண்டு நேராக நாதன் ஐயா வீட்டுக்குப் போனேன். முகத்தைப் பார்த்துவிட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். பதினோரு மாதம் ஏஜென்ட் வேலை பார்த்தும் எனக்கு மனிதர்களைத் தெரியவில்லை.

பிரமாதமாக உபசரித்தார். தேநீர், முறுக்கு. “ஒழைக்கிற பொம்பளைங்கதாம்மா நம்ம சமுதாயத்தோட முதுகெலும்பு” என்றார். பிறகு, “ஆனா பாரும்மா, என் அண்ணன் மவன் வர்றேன்னு சொல்லிட்டான்” என்றார். நான்கு வீட்டுக்கும் ஒரே அண்ணன் மகன்!

கலா அக்கா முறுக்கைத் தொடவில்லை. “ஐயா, நீங்க வாடகைக்கு வீடு கேட்டு இங்க வந்தா, உங்களுக்கு நீங்க குடுப்பீங்களா?” என்று கேட்டார்.

“நான் எதுக்கும்மா வாடகைக்குக் கேக்கறேன்? எனக்குத்தான் சொந்த வீடு இருக்கே” என்றார் அவர். உண்மையாகவே அவருக்குக் கேள்வி புரியவில்லை. அடுத்த வாரம் அவர் ஒற்றுமையைப் பற்றி எங்கோ பேசினார் என்று கேள்விப்பட்டேன். நல்ல கைதட்டலாம்.

நான்கு சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். லீடர் மூன்று நிமிடத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அதில் ‘மைண்ட்செட்’ என்ற வார்த்தை ஒன்பது தடவை வந்தது. நான்கு வீட்டையும் அன்றே வேறொரு ஏஜென்டுக்குக் கொடுத்துவிட்டார்.

கலா அக்காவுக்காக ஒவ்வொரு ஓனராகக் கூப்பிட்டேன். “எனக்குப் பிரச்சன இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்கதான்…” என்றார்கள், எல்லாரும் ஒரே பள்ளியில் படித்த மாதிரி. கடைசியில் மெர்லிமாவில் ஒரு சீன ஆன்ட்டி. “எத்தன மோட்டார் பைக் நிக்கும்?” என்பது மட்டும்தான் அவர் கேள்வி. ஒன்று என்றேன். சரி என்றார். வீடு கிடைத்தது, ஆனால் தூரம். கலா அக்கா இன்றைக்கும் விடியுமுன் எழுந்து ஃபேக்டரி பஸ் பிடிக்கிறார். குருபோங்கில், தொழிற்சாலையிலிருந்து பத்தே நிமிடத்தில், அவர் போனில் கேட்ட அந்த வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்தது.

பிறகு நான் வேறு ஏஜென்சிக்கு மாறினேன். ஸ்டோர் வேலையையும் விடவில்லை. இப்போது ஓனரிடம் முதல் கேள்வியாக, யார் வந்தாலும் வீட்டைக் காட்டலாமா என்று கேட்கிறேன். முடியாது என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாவியைத் தொடுவதில்லை.

இந்த ஏஜென்சியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேசச் சொல்கிறார்கள். வேலை, குடும்பம், சைடு பிசினஸ், மூன்றுக்கும் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நேரம் ஒரு பெரிய விஷயமில்லை, கணவர் சமைத்தால் போதும் என்பேன். சிரிப்பார்கள். பிறகு இந்தக் கதையைச் சொல்வேன். போன மாதம் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“அக்கா, அப்படிக் கேட்டா ஓனர் வேற ஏஜென்டுக்குப் போயிருவாங்களே?”

“போயிருவாங்கம்மா” என்றேன். “பாதிப் பேர் போயிருவாங்க. அதத் தாங்க முடியாதுன்னா, இந்த டேக்க இப்பவே கழட்டி வெச்சிரு.”