பூசை நேரத்தில் துறையில் இருந்தவர்

எங்கள் கரம்பொன் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் கரையில் கிடக்கும், சனம் மாதா கோயிலில் நிற்கும். அப்படியொரு ஞாயிறு பூசை நேரத்தில் வள்ளமொன்றின் இஞ்சின் காணாமற்போனது. அந்த நேரம் துறையில் இருந்தவர் என் அப்பா ஒருவர்தான். பூசைக்கு வராத குற்றமே ஊருக்குப் போதுமாயிருந்தது, இஞ்சின் மேலதிகம்.

மறுநாள் காலை, சந்தேகத்தின் பேரில் பொலிஸார் அவரை ஊர்காவற்றுறைக்குக் கொண்டு போனார்கள். அம்மா குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்ததால் வீட்டில் நாங்கள் இருவரும்தான். அப்பா இல்லாத அந்த வீட்டில் நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்து வளவில் இருந்த மாமி, அப்பாவின் அக்கா, சோறு கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார்.

“ஒரு நாளைக்கு மேலை வைச்சிருக்க ஏலாது. பிறகு விடவேணும், இல்லாட்டிக் கோட்டுக்குக் கொண்டு போகவேணும்” என்றார் பஸ்ஸில். கோடு என்றால் நீதிமன்றம் என்று தெரியாமலே அழுதேன்.

பொலிஸ்காரர் சோற்றுப் பொதியைப் பிரித்து, “பிள்ளை, நீர் முதல் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டும்” என்றார். உபசாரம் என்று நினைத்து மீனும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

பிறகு அவர் அப்பாவிடம் திரும்பினார். “பூசை நேரம் துறையிலை என்ன செய்தனீர்? காரணத்தைச் சொன்னால் இப்பவே வீட்டை போகலாம்.”

அப்பா என்னைப் பார்த்தார். “சும்மா இருந்தனான்” என்றார்.

கொஞ்சம் பொறுத்து என்னிடம், “நீ மாமியோடை வீட்டை போ, பிள்ளை” என்றார்.

“ஏலாது” என்று சொல்லிவிட்டு வாங்குப் பலகையில் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். மாமி இழுத்தும் பார்த்தார். பொலிஸ்காரர் வந்து வந்து அதையே கேட்டார். அப்பாவும் அதையே சொன்னார். சோறு காய்ந்துபோனது.

பின்னேரம் இஞ்சின் தானாக வந்து சேர்ந்தது. வள்ளக்காரரின் தம்பி யாருக்கும் சொல்லாமல் திருத்துவதற்கு யாழ்ப்பாணம் கொண்டு போயிருக்கிறார். அப்பாவை விட்டுவிட்டார்கள். துறைக்கு ஏன் போனாரென்று பிறகு யாரும் கேட்கவில்லை.

நான் பெரியவளான பிறகுதான் மாமி சொன்னார். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. நான் பூசைக்குப் போன நேரம் பார்த்து, அப்பா அம்மாவோடு கதைக்கத்தான் துறைக்குப் போயிருக்கிறார். இனி வரமாட்டேன், இங்கே வேறு கலியாணம் செய்துவிட்டேன் என்று அன்றுதான் அம்மா சொல்லியிருக்கிறாள்.

நான் எழுந்து வெளியே போயிருந்தால் அவர் அதைச் சொல்லிவிட்டு வந்திருப்பார். நானோ, அப்பா தனித்துப் போவாரே என்று அந்த வாங்கை விட்டு அசையவில்லை.