என் பிறந்தநாளுக்கு அம்மா போடும் கவர்

என் மேல் உள்ள புகாரை நானே மைக்கில் வாசித்து, அதற்கு நானே ஆமென் சொல்லும் பாக்கியம் வருஷத்துக்கு ஒருமுறை எனக்குக் கிடைக்கும். எங்கள் சபையில் பிறந்தநாள் வந்தால் ஸ்தோத்திரக் காணிக்கையை ஒரு கவரில் போட்டு, கூடவே ஒரு துண்டுச் சீட்டில் ஜெபக் குறிப்பும் எழுதி வைப்பார்கள். ஆராதனை நடுவே அதை வாசிக்க வேண்டும். போதகர் இங்கே மும்பையில், தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் மணிக்கணக்கில் பிரசங்கம் செய்வார், கையெழுத்துத் தமிழைப் பார்த்தால் மட்டும் அவருக்கு வியர்த்துவிடும். அதனால் பாட்டு நடத்துகிற என் கைக்குத்தான் சீட்டுகள் வரும். என் பிறந்தநாளுக்கு அம்மா எழுதுவது எப்போதும் ஒரே வரி. "என் மகளை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த பொருத்தனை நிறைவேற ஜெபிக்கவும்."

ஒரு வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்ததாம். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு, இவள் பிழைத்தால் உமக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அதுதான் பொருத்தனை. நான் பிழைத்தேன். எங்கள் திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளில் இப்படிக் கொடுக்கப்பட்டது ஆண்பிள்ளை என்றால் போதகராக வேண்டும், பெண்பிள்ளை என்றால் போதகருக்கு வாழ்க்கைப்பட வேண்டும். அப்படியானால் அழைப்பு எனக்கா, மாப்பிள்ளைக்கா என்று கேட்டால் அம்மாவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

பக்கத்துக் கல்யாண் ஊரிலிருந்து ஒரு போதகர் மாப்பிள்ளை பெண் பார்க்கவும் வந்தார். அவர் தலையைக் குனிந்தபடி மிக்சர் சாப்பிட்டார். கேள்வியெல்லாம் அவருடைய அம்மாதான் கேட்டார்.

"பொண்ணு பாடுவாளா? கீபோர்டு வாசிப்பாளா? சண்டே ஸ்கூல் எடுக்க எங்களுக்கு ஆளே இல்ல, பாத்துக்கிடுங்க."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, வேலைக்கு ஆள் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டேன். காபி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

பிறகு நான் கட்டிக்கொண்டது ஓர் ஏசி மெக்கானிக்கை. தங்கமான மனுஷன், ஆராதனைக்குப் பத்து நிமிஷம் லேட்டாக வருவது ஒன்றுதான் குறை. அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவள் பயம் கூடிப்போயிற்று. கர்த்தருக்குச் சொன்ன வாக்கு தவறிவிட்டது, கொடுத்த உயிரை அவர் திரும்பக் கேட்டால் என்ன செய்வது என்கிற பயம். எனக்குச் சாதாரணத் தலைவலி வந்தால்கூட அவள் முகம் வெளுத்துவிடும். என் மேல் கோபப்பட்டால் நானும் திருப்பிச் சண்டை போடலாம், அந்தப் பயத்தை என்ன செய்ய முடியும்? அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது.

அந்த வாக்கு தவறவில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. வாரம் ஆறு நாள் செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் ஹாலைத் திறக்கிறேன். ஹால் என்று மரியாதைக்குச் சொல்கிறோம், அது ரெடிமேட் துணி தைக்கிற ஒரு பட்டறையின் மாடி. மெஷின்களைச் சுவரோரம் தள்ளி, பெட்ஷீட் போட்டு மூடி, வெட்டுத் துணியைப் பெருக்க வேண்டும். உடைந்த ஊசித் துண்டுகள் துடைப்பத்துக்கு அகப்படாது. அதற்காக ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, தரை முழுவதும் இழுத்துக்கொண்டு போவேன். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம். பிறகுதான் பாய் விரிப்பேன்.

இதையெல்லாம் பாடிக்கொண்டேதான் செய்வேன். மைக் பிடித்தால் ஆராதனை, காந்தம் இழுத்தால் கூலிவேலை என்று யார் பிரித்தார்களோ தெரியவில்லை. கர்த்தரைத் துதிக்கத்தான் நான் பிறந்தேன். ரிசப்ஷனில் பல்வலியோடு வருகிறவருக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வதும் அதில் சேர்த்திதான். அது மட்டும் எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

போன ஜூலையில் ஒரு ஞாயிறு, விடியும்போதே பேய்மழை. கூரைத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் தண்ணீரை மாப்பால் தள்ளிக்கொண்டே, அடிவயிற்றிலிருந்து பாடிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? வாசல் பக்கம் மாப்பைத் திருப்பியபோது அம்மா நின்றுகொண்டிருந்தாள். அந்த மூட்டுவலியோடு செங்குத்தான இரும்புப் படியில் ஏறி வந்திருக்கிறாள். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் காலடியில் குளமாகத் தேங்கியிருந்தது. வந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

"கண்ணாடிய வச்சிட்டு வந்துட்டியேட்டி" என்று நீட்டினாள். பிறகு, "ஒருத்தரும் இல்லியே, யாருக்குப் பாடிட்டிருந்த?" என்று கேட்டாள்.

"யாருக்குப் பாடுவாங்க? ஈரத்துல நிக்காம உள்ள வந்து உக்காரும்மா" என்று எரிந்து விழுந்தேன்.

அம்மா உள்ளே வந்தாள். மெஷின் ஓரமாக உட்கார்ந்து, நான் காந்தத்தை இழுப்பதை ஆராதனை தொடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாதம் என் பிறந்தநாள் வந்தது. கவர்கள் கைக்கு வந்தன. அம்மாவின் சீட்டைப் பிரித்தேன். பிரித்தேனே தவிர, பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக வாசித்ததை இனிப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டுமா? சபையைப் பார்த்தபடி, "என் மகளை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த பொருத்தனை நிறைவேற..." என்று ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சுவரோரப் பாயிலிருந்து அம்மா, ஒரு மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "ஏட்டி, எழுதியிருக்கத வாசி."

சபையே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சீட்டைப் பார்த்தேன்.

"என் பொருத்தனையைக் கர்த்தர் எப்பவோ நிறைவேற்றிவிட்டார். நான்தான் கவனிக்கவில்லை. ஸ்தோத்திரம்."

எப்படியோ வாசித்து முடித்துவிட்டேன். ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மற்றவர்கள்தான் சொன்னார்கள். அடுத்து நான் பாட்டு எடுக்க வேண்டும். மைக் கையில் இருக்கிறது, நான் இன்னும் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

அம்மாதான் எடுத்தாள், நின்ற இடத்திலிருந்தே. அந்தச் சுருதி எந்தக் கீபோர்டிலும் கிடையாது. வேறு யாராவது அப்படி எடுத்திருந்தால் நிறுத்தித் திருத்தியிருப்பேன். அன்றைக்கு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அவள் சுருதிக்கு நான் போய்ச் சேர்ந்தேன்.