வாத்தியார் வாங்கிய கார்

கார் ஷோரூமில் அவருக்குக் ‘கதவு’ என்றே பேர். வாங்க வருகிறவரை ஓட்டுகிற சீட்டில் உட்காரவைத்து, கதவை அவர் கையாலேயே சாத்தச் சொல்வார். பொத்தென்று அடங்கி விழும் அந்தச் சத்தத்தில் பாதி வியாபாரம் முடிந்துபோகும். மூன்று அக்காமாருக்குப் பின்னால் பிறந்து, மூன்று பேர் கல்யாணத்தையும் அந்தக் கதவை நம்பியே நடத்திவைத்த மனுஷன்.

நோய் வந்து ஊரை அடைத்துப்போட்டது. ஒரு மாசம் முழுக்க நாட்டிலேயே ஒரு கார் விற்கவில்லை. நிற்கிற வண்டிக்கு பேட்டரி இறங்கிவிடும். மூன்று நாளைக்கு ஒருதரம் போய், ஒவ்வொன்றையும் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, டயர் ஒரே இடத்தில் அமுங்காமல் ஒரு முழம் நகர்த்திவைப்பதுதான் அவர் வேலை என்றாகிவிட்டது.

“என்ன மச்சான், மாட்டுக்கெல்லாம் தண்ணி காட்டியாச்சா?” என்பான் பெண்டாட்டியின் தம்பி.

“நீ வேற. அதுங்களுக்காவது பத்து நிமிஷம் உசிர் வருது.”

மறுபடி திறந்தபோது பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மானேஜர் இவரைத் தனியாகக் கூப்பிட்டார். “அண்ணே, உங்க கைல இருக்கிறது பழைய புக்கிங் ஒண்ணுதான். அந்த வண்டி மாசக் கடைசிக்குள்ள வெளிய போனா உங்களுக்காக நான் பேசலாம். கேன்சல் ஆச்சுன்னா என்னை ஒண்ணும் கேக்காதீங்க.”

அது ஒரு கணக்கு வாத்தியாருடைய புக்கிங். அன்றைக்குக் கதவை நாலு தடவை சாத்திப் பார்த்துச் சிரித்தவர். போன் போட்டால் அவர் மனைவி எடுத்தார்.

“அவர் போய் பதினெட்டு நாள் ஆச்சு தம்பி. ஆஸ்பத்திரில முகத்தைக்கூடக் காட்டலை. எனக்கு ஓட்டத் தெரியாது. கார் வேண்டாம்.”

‘சரிம்மா’ என்பது தொண்டைவரை வந்தது. ஆனால் இருபது வருஷம் விற்றுப் பழகிய வாய், அதுபாட்டுக்குப் பேசிவிட்டது. “சார் ஆசைப்பட்டு எடுத்த கலரும்மா. அவர் ஞாபகமா வாசல்ல நிக்கட்டுமே.”

“ஆசைப்பட்டார்தான்,” என்றார் அந்த அம்மா.

கார் போனது. வேலை தப்பியது.

ஒரு மாசம் கழித்து அந்த அம்மாவே கூப்பிட்டார். “தம்பி, வண்டிக்குள்ள லைட் எரிய மாட்டேங்குது. சாயங்காலம் கொஞ்ச நேரம் உள்ள போய் உக்காருவேன், அதான்.”

இவர் வேறொரு பேட்டரியோடு போய் உயிர் கொடுத்துவிட்டு வந்தார். அதிலிருந்து வாரம் தவறாமல் போகிறார். பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஒரு முழம் முன்னே, அடுத்த வாரம் ஒரு முழம் பின்னே. அந்த அம்மா படியில் நின்று பார்ப்பார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொன்னால் தேவலை என்றிருக்கும் இவருக்கு.

இவர் இறங்கும்போது மட்டும் அந்த அம்மா கேட்பார்: “கதவை நல்லா சாத்துங்க தம்பி. அவருக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும்.”

சாத்துவார். ஷோரூமில் இப்போது யாரையும் சாத்தச் சொல்வதில்லை. பேர் மட்டும் ‘கதவு’தான்.